ஒலிப்புத்தகம் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதலில் குரலைத் தேடுங்கள்

"எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்ணே?" ஒலிப்புத்தகம் கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். எந்த நேரத்தில் கேட்கப் போகிறீர்கள்? யார் வாசித்ததைக் கேட்கப் போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் புத்தகம் தானாக அமைந்துவிடும். தெரியாமல் இறங்கினால் எவ்வளவு நல்ல நாவலாக இருந்தாலும் மூன்றாவது அத்தியாயத்தில் நின்றுவிடும். பிறகு "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

மதுரைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது ஒத்துவராமல் போக நியாயமே இல்லை. முளைப்பாரித் திருவிழா என்றால் குழாய் ஸ்பீக்கரில் திருவிளையாடல் கதைவசனமும் கட்டபொம்மன் கதைவசனமும் ஊருக்கே கேட்கும். படம் பார்க்காதவர்கள்கூட தருமி பேசுவதை அப்படியே ஒப்பிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம், திருவிழா இரவில் பட்டிமன்றம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த காதுகள். இப்போது அது போனுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் போனுக்குள் வந்ததில் குப்பையும் நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டி. நடுவில் என் விருப்பு வெறுப்பும் வரும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போங்கள்.

1. நேரத்தை முடிவு செய்யுங்கள்

கைக்கு வேலை இருக்க வேண்டும், மனசு சும்மா இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரம்தான் இதற்கு வாகானது. பூக்கட்டுகிறவர்கள், பாத்திரம் துலக்குகிறவர்கள், காலையில் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் அக்கா ஒருவர் கதை கேட்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குக் கை தானாகப் போய்க்கொண்டே இருக்கும். கதையில் யாராவது ஆபத்தில் மாட்டும்போது மட்டும் நூல் பாதிச் சுற்றில் நிற்கும். அவர் கேட்கிற அளவுக்கு நான் எந்தப் புத்தகத்தையும் கண்ணால் படித்ததில்லை.

சொற்களோடு புழங்கும் வேலைக்கு இது ஆகாது. பரீட்சைத் தாள் திருத்துவது, கணக்கு எழுதுவது, வாட்ஸ்அப்பில் பதில் போடுவது, இதில் எதைச் செய்துகொண்டு கேட்டாலும் இரண்டில் ஒன்று கெடும். அப்புறம், கோரிப்பாளையம் சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் நேரத்தின் நீளம்தான் எந்த மாதிரிப் புத்தகம் என்பதைத் தீர்மானிக்கும். பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு சிறுகதை முடிந்துவிடும். ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் குறுநாவலில் பெரும்பகுதி ஓடிவிடும். வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போனால் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. சின்ன நாவல் ஒன்றை முடித்துவிட்டு ஒரு தூக்கமும் போடலாம். தினமும் அரை மணிதான் கிடைக்கும் என்றால், துண்டு துண்டாகக் கேட்டாலும் கெடாத புத்தகமாகப் பாருங்கள். தொடர்கதையாக வந்த நாவல்கள் இதற்குப் பொருத்தம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2. கருவிக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம்

கையில் இருக்கும் போனும் சாதாரண இயர்போனும் போதும். பாட்டுக்கு வேண்டிய அதிர்வெல்லாம் பேச்சுக்குத் தேவையில்லை. பஸ்ஸில் போகும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். ஸ்டாப் பேரைச் சொல்வதும் கேட்க வேண்டும், பஸ்ஸுக்குள் ஓடும் இளையராஜா பாட்டோடு மல்லுக்கட்டிச் சத்தத்தைக் கூட்டவும் கூடாது. சமையலறையில் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் நல்லது. மிக்ஸி ஓடும்போது நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள். "நடுவுல ரெண்டு வரிதானே" என்று விட்டால், அந்த இரண்டு வரியில்தான் யாராவது செத்துப்போயிருப்பார்கள்.

டேட்டா தீர்ந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 29 எம்பிதான். 20 மணி நேர நாவல் 600 எம்பிக்குள் அடங்கிவிடும். அதையே யூடியூபில் வீடியோவாக ஓடவிட்டால் பல மடங்கு போகும். கட்டணம் கட்டாத யூடியூப் கணக்கு என்றால் போன் திரையை அணைத்ததும் சத்தமும் நின்றுவிடும், பேட்டரிக்கும் கேடு. முடிந்தவரை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. எங்கே கிடைக்கும்

காசு கொடுத்துக் கேட்கும் இடங்கள் பல. ஸ்வீடன் நாட்டு ஸ்டோரிடெல் 2017-இல் இந்தியாவுக்கு வந்தது, அமேசானின் ஆடிபிள் 2018-இல் வந்தது. குக்கு எஃப்எம் உள்நாட்டுச் செயலி. கூகுள் பிளேயில் தனித்தனிப் புத்தகமாகவும் வாங்கலாம். சந்தா கட்டுவதற்கு முன்னால் தமிழ்ப் பட்டியலை மட்டும் திறந்து, உங்களுக்கு வேண்டியது பத்தாவது இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் லட்சம் புத்தகம் என்று விளம்பரம் சொல்லும். அதில் தமிழ் எவ்வளவு என்பதுதான் நமக்குக் கணக்கு. ஒரு மாதம் கட்டிப் பார்க்கிறவர்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பிப்பது உத்தமம்.

இலவசம் என்றால் முதலில் லிப்ரிவாக்ஸ். 2005-இல் தொடங்கியது, உலகெங்கும் தன்னார்வலர்கள் காப்புரிமை முடிந்த நூல்களை வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலம். பிள்ளைகளுக்கு ஆங்கிலக் காது பழக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குச் சரியான இடம். தமிழுக்கு யூடியூப்தான் பெரிய கிடங்கு. ஆனால் அங்கே "ஒலிப்புத்தகம்" என்ற பேரில் மூன்று சரக்கு விற்கிறது: முழு நூலின் வாசிப்பு, கதைச் சுருக்கம், இயந்திரக் குரல். ஐந்து பாக நாவலை இரண்டு மணி நேரத்தில் "முழுக்கதை" என்று போட்டிருந்தால் அது சுருக்கம், தொடவே வேண்டாம். முடிவு தெரிந்துவிட்டால் பிறகு அசல் நூலைக் கேட்கும் ருசி போய்விடும்.

கல்கிக்கு மட்டும் ஏன் இத்தனை பதிவுகள் என்று சிலர் கேட்பதுண்டு. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால் காப்புரிமை முடிகிறது. அதற்கு முன்பே அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பாரதி, புதுமைப்பித்தன் எழுத்துகளும் அப்படியே. யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். அதனால் ஒரே நூலுக்குப் பல குரல் கிடைக்கிறது. நாம் தேர்ந்தெடுக்க வேண்டிய வேலையும் இங்கேதான் தொடங்குகிறது.

4. குரலைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பல செயலிகளில் மாதிரி கேட்கச் சில நிமிடம் தருவார்கள். அந்தச் சில நிமிடம் அநேகமாக நூலின் தொடக்கம். எல்லாரும் தொடக்கத்தை நன்றாகத்தான் வாசிப்பார்கள். தொண்டை புதிதாக இருக்கும், ஆர்வமும் இருக்கும். வழியிருந்தால் நூலின் நடுவுக்குப் போங்கள். இரண்டு பேர் வாக்குவாதம் செய்யும் இடமாகப் பார்த்துக் கேளுங்கள். "என்றான்", "என்றாள்" வருவதற்கு முன்பே யார் பேசுகிறார்கள் என்று தெரிகிறதா? தெரிந்தால் பாதி தேறிவிட்டது. பெண் பாத்திரத்துக்கு ஆண் வாசிப்பாளர் குரலை மெலிதாக்கிக் கீச்சிடுகிறாரா? அப்படியென்றால் பத்து மணி நேரம் உங்களால் தாங்க முடியாது. நல்ல வாசிப்பாளர் குரலை மாற்றவே மாட்டார்; வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டும் கொஞ்சம் மாற்றுவார், நமக்கு ஆள் தெரிந்துவிடும்.

அடுத்து ழகரம். பழுவேட்டரையர் என்ற பெயர் நூறு தடவை வரும் நாவலை, "பளுவேட்டரையர்" என்று வாசிப்பவரோடு கடப்பது தண்டனை. பின்னணி இசையையும் கவனியுங்கள். தொடக்கத்திலும் அத்தியாய முடிவிலும் வந்தால் சரி. வாசிப்பு நெடுக வீணையும் இடிச்சத்தமும் ஓடினால் வேண்டாம். சரித்திர நாவல் பதிவு ஒன்றில் குதிரைக் குளம்பொலி மூன்று பக்க உரையாடலை அப்படியே மிதித்துக்கொண்டு போனது. பொறுமையாகக் கேட்டேன், தூது என்ன என்பது கடைசிவரை தெரியவில்லை.

வட்டார வழக்கில்தான் எனக்குக் கோபம் அதிகம். மதுரை, உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கதை என்றால் பல பதிவுகளில் ஒரு பொதுவான "கிராமத்துத் தமிழ்" வந்துவிடுகிறது. திருநெல்வேலி "ஏலே"யும் கோயம்புத்தூர் "ஏனுங்க"வும் மேலூர்க்காரர் வாயில் புகுந்துவிடும். "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று எழுத்தில் இருப்பதையும் பாடப்புத்தகம் போல நிறுத்தி நிறுத்திப் படிப்பார்கள். நம் பேச்சு மேடு பள்ளமாக ஓடும். கோபத்திலும் ஒரு கேலி இருக்கும். அது வராவிட்டால் வட்டார வழக்கே பேசாமல் நேராக வாசிப்பது மேல்.

இயந்திரக் குரலை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் "க" என்ற ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு வேறாக ஒலிக்கும். வடமொழிப் பெயர், ஆங்கிலப் பெயர் வந்தால் எப்படி ஒலிப்பது என்பது எழுத்தில் இருக்காது, படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் அங்கே தடுக்கி விழும். "கி.பி." என்பதையும் ஆண்டு எண்ணையும் எப்படிப் படிக்கிறது என்று கேளுங்கள், உடனே தெரிந்துவிடும். செய்தி கேட்க அது போதும். கதைக்கு வேண்டாம். சாவு விழுந்த வீட்டையும் கல்யாண வீட்டையும் ஒரே தொனியில் சொல்லும் ஆளோடு யார் நாள் முழுக்க உட்கார்வது?

5. எதில் தொடங்கலாம்: என் அபிப்பிராயம்

முதல் புத்தகம் சின்னதாக இருக்கட்டும். சி.சு. செல்லப்பாவின் வாடிவாசல்தான் என் சிபாரிசு. ஜல்லிக்கட்டுக் கதை. ஒரே பிற்பகல், ஒரே களம், பிச்சியும் மருதனும் கிழவனும் காரிக் காளையும். பெரும்பாலும் பேச்சாலேயே நகரும் கதை என்பதால் காதுக்கு அல்வா மாதிரி இறங்கும். அலங்காநல்லூரையோ பாலமேட்டையோ ஒரு தடவை பார்த்தவர்களுக்கு வாடிவாசல் திறக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே பார்க்கலாம். ஒரு நிபந்தனை: வாசிப்பவர் கிரிக்கெட் வர்ணனையாளர் போலக் கத்தக்கூடாது. கதையில் பதற்றம் ஏற்கெனவே இருக்கிறது, குரலில் ஏற்ற வேண்டியதில்லை.

சிறுகதை என்றால் புதுமைப்பித்தன். கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையைச் சிரிக்காமல் வாசிக்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள். அந்தக் கிண்டலுக்கு முகத்தில் சலனமே காட்டாத குரல் வேண்டும். வாசிப்பவரே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் நமக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பொன்னகரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆனால் உடனே அடுத்த கதைக்குத் தாவாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்.

இனி பொன்னியின் செல்வன். ஒலிப்புத்தகம் என்றாலே தமிழில் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான், அதில் தவறும் இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர். அடுத்த வாரம் வாசகர் திரும்பி வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடியும். முதலில் சொன்னேனே, துண்டு துண்டாகக் கேட்டாலும் கெடாது என்று, அதற்குக் காரணம் இந்தக் கட்டுமானம்தான். ஆசிரியரே நடுநடுவே நம்மிடம் பேசுவார், முன்னால் நடந்ததை நினைவூட்டுவார். அச்சில் படிக்கும்போது இந்த நினைவூட்டல் சில நேரம் சலிப்பு. காதுக்கு அதுவே ஊன்றுகோல். ஒற்றைக் குரல் வாசிப்பும் உண்டு, பாம்பே கண்ணன் பல நடிகர்களை வைத்துத் தயாரித்த நாடக வடிவமும் உண்டு. நீளமான நூலுக்கு ஒற்றைக் குரல்தான் நல்லது என்பது என் பொதுவான கட்சி. இந்த நூலில் மட்டும் கட்சி மாறிவிடுவேன். ஆழ்வார்க்கடியான் வழியெல்லாம் வம்பு வளர்ப்பதும், பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் என்று இரண்டு பேர் ஒரே பட்டப் பெயரோடு வருவதும் பல குரலில் கேட்டால்தான் தெளிவு. மதுரைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தக் கதையில் சோழ ராஜ குடும்பத்தைக் கொல்லச் சதி செய்கிறவர்கள் நம்ம பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள், அதாவது மன்னனுக்காக உயிரைக் கொடுக்கச் சபதம் செய்த வீரர்கள். ஐந்து பாகமும் எதிரணியில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

சோழ நாட்டை விட்டு நம் பக்கம் வர வேண்டுமென்றால் பி.ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் இருக்கிறது. வத்தலக்குண்டுக்காரர், 1893-இல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக எழுத ஆரம்பித்தார். கதை நடப்பதும் மதுரைச் சீமைச் சிறுகுளத்தில்தான். பழைய நடை, வடமொழிக் கலப்பு அதிகம் என்று படிக்கத் தயங்குகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். நல்ல குரல் வாசித்தால் அந்தக் கலப்பே தெரியாது, பேச்சுதான் தெரியும். ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் இடங்களும் அம்மையப்ப பிள்ளையின் அசட்டுத்தனமும் காதுக்காகவே எழுதியவை போல இருக்கும். பிற்பாதியில் வேதாந்தம் கனக்கும். அங்கே வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் பாவமில்லை.

நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மதுரையும் திருப்பரங்குன்றமும் உயிரோடு இருக்கும் நாவல். அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த தலைமுறை ஒன்று உண்டு. தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். அம்மாவுக்கு இது தேன். எனக்கோ, நீண்ட இலட்சிய வாக்கியங்கள் காதில் தொடர்ந்து விழும்போது மேடைப் பேச்சு கேட்பது போலிருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் கேட்டால் திகட்டும் என்பது என் கட்சி. மொத்தமாகக் கேட்டால்தான் அழ முடியும் என்பது அம்மாவின் கட்சி.

காதுக்கு மிகவும் ஏற்றது எது என்று கேட்டால் நான் நாவல் எதையும் சொல்ல மாட்டேன். தன்வரலாறுதான். ஒரு மனிதர் தன் கதையைத் தானே சொல்கிறார். ஒரு குரல் போதும், வேஷம் கட்ட வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க அவர் பட்ட பாடு, ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தது எல்லாம் பக்கத்து வீட்டுத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற தோரணையில் இருக்கும். நூல் முற்றுப்பெறவில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பதிவு பாதியில் அறுந்துவிட்டதோ என்று தேடாதீர்கள்.

காந்தியின் சத்திய சோதனையும் இதழில் தொடராக வந்ததுதான், அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. நடைப்பயிற்சிக்குச் சரியான அளவு. ஆனால் மேலமாசி வீதிக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அவர் மதுரையில் அந்த வீதியில் அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22. சுயசரிதை 1920 டிசம்பர் நாக்பூர் காங்கிரசோடு நின்றுவிடுகிறது. கேட்டு முடித்த கையோடு தமுக்கத்துக் காந்தி மியூசியத்துக்கு ஒரு நடை போய்வந்தால் மீதியும் தெரியும்.

காதுக்கு ஒத்துவராதவையும் உண்டு. திருக்குறளை உரையோடு மணிக்கணக்கில் கேட்பதில் பயனே இல்லை. பத்தாவது குறள் வரும்போது முதல் குறள் மறந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், அதையே இரண்டு தடவை. சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் நம் ஊரின் பெருங்கதைதான், ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு மேல் விரிந்து, நூற்றாண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போகும் நூலை அச்சில் படியுங்கள். பெயரையும் தலைமுறையையும் பின்னால் புரட்டிப் பார்க்கக் கை வேண்டும், அந்த வசதி காதுக்கு இல்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைச் செய்யுளாகவே ஓதும் பதிவு கிடைத்தால் கேளுங்கள், ஆனால் மூலத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. முன்னேற்ற நூல்கள், பணம் சேர்க்கும் வழி சொல்லும் நூல்கள்? ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரே கருத்தை அவை ஏழெட்டுத் தடவை சொல்லும். எப்படியும் ஒரு தடவையாவது காதில் விழுந்துவிடும்.

6. கேட்கும்போது

முதல் ஒரு மணி நேரம் வேகத்தைத் தொடாதீர்கள். குரல் பழகட்டும். பிறகு கட்டுரை நூல் என்றால் 1.25 வரை கூட்டலாம், கதைக்கு 1.1 போதும், கவிதைக்கு வேகமே கூடாது. 15 நொடி அல்லது 30 நொடி பின்னால் போகும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் அதிகம் அழுத்துவீர்கள். படுக்கையில் கேட்கிறவர்கள் தூங்கும்நேர டைமரை 20 நிமிடத்துக்கு வையுங்கள். டைமர் இல்லாமல் தூங்கிவிட்டால் காலையில் கதை எங்கேயோ போயிருக்கும், எந்த இடத்தில் கண் அசந்தோம் என்று தேடுவதிலேயே காபி ஆறிவிடும்.

பாத்திரங்கள் நிறைய உள்ள நூலுக்கு ஒரு தாளில் பெயரும் உறவும் எழுதி வையுங்கள். காதால் கேட்ட பெயரை ஒரு தடவை கையால் எழுதிவிட்டால் அப்புறம் குழப்பம் வராது. ஒரே நேரத்தில் இரண்டு நாவல் கேட்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல் என்றால் சரி.

பிடிக்கவில்லையா? நிறுத்துவதற்கு முன்னால், பிடிக்காதது கதையா குரலா என்று பாருங்கள். அதே நூலின் வேறு பதிவில் அதே அத்தியாயத்தைக் கேளுங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே சரியாகிவிடும். அப்படியும் இழுக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் விட்டுவிடுங்கள்; ஊரே புகழ்கிற நூலாக இருந்தாலும் சரி.

7. வீட்டுப் பெரியவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது

கண் ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்கும், எழுத்து மங்கிப்போனவர்களுக்கும் ஒலிப்புத்தகம் பெரிய துணை. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் ஒரு தடவை அழைத்துப் போங்கள். 2023-இல் திறந்த அந்த நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு.

அப்பத்தாவுக்குப் போனில் வைத்துக் கொடுப்பதாக இருந்தால் சந்தா, செயலி, கடவுச்சொல் எதுவும் வேண்டாம். கோப்புகளை இறக்கி, வரிசை எண் போட்டு, ஒரே ஃபோல்டரில் வையுங்கள். முகப்புத் திரையில் ஒரே ஒரு பொத்தான். வாட்ஸ்அப் அறிவிப்புச் சத்தத்தை அணைத்துவிடுங்கள், நடுவில் "டிங்" என்றால் கதையில்தான் ஏதோ வந்தது என்று நினைப்பார்கள். காதில் மாட்டுவது பலருக்குப் பிடிக்காது. சின்ன ஸ்பீக்கர் போதும். கதைக்குத் திருவிளையாடல் புராணத்தின் உரைநடை வடிவம் நல்ல தொடக்கம். மொத்தம் 64 படலம், ஒவ்வொன்றும் தனிக்கதை, எங்கே நிறுத்தினாலும் குறையில்லை. புட்டுக்கு மண் சுமந்த படலம் வரும்போது புட்டுத்தோப்புத் திருவிழாக் கதையை அவர்களே நமக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பதிவை நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள். அது முடிந்ததும் பொன்னியின் செல்வன். ஐந்து பாகத்தையும் ஒன்றாக ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். முதல் பாகம் மட்டும் ஏற்றி வைத்தால், நீங்கள் ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்து "அந்தப் பய வந்தியத்தேவன் என்ன ஆனான்?" என்று போன் வரும்.